போர்வைக்குள் இருந்த யானை

1952ஆம் ஆண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் லிப்பெர்ட் பிக்சர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. வில்லியம் பெர்க் இயக்கிய அப்படத்தில் ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்ஸர் ஆகிய ஹாலிவுட் நடிகர்கள் நடித்தார்கள். நம்மூர் எம்.என். நம்பியாரும் உண்டு. கதை எளியது. யானைக்கூட்டங்கள் மிரண்டோடி ஊர்களை அழிக்கின்றன. அவை எதைக் கண்டு மிரள்கின்றன என்று அறிய ஒரு குழு காட்டுக்குள் போகிறது. என்றோ அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட மாமூத்துகள் அங்கே உயிரோடு திரிவதைக் காண்கிறது.

அந்த மாமூத்துகள்தாம் படத்தின் பெரும் ஈர்ப்பு; பெரும் பிழையும் அவையே. கணினி வரைகலை இல்லாத காலம். படப்பிடிப்பாளர்கள் உயிருள்ள யானைகளைக் கொண்டுவந்து அவற்றின் உடல்மீது சடைமுடியைப் போர்த்திவிட்டார்கள். இன்று அதைப் பார்ப்பவர் எவரும் முதலில் சிரிப்பார்கள். முடி தனியே அசைகிறது, யானை தனியே அசைகிறது.

பாலக்காடு மாவட்டம் சித்தூரில் தமிழ் முதுகலை படிக்கும் ஒரு மாணவி, துறைக் கருத்தரங்கக் கட்டுரைக்கு இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாள். தலைப்பு 'தந்திரக் காட்சிகளும் தொடர்ச்சிப் பிழைகளும்'. தேர்வுக்கு ஒரு காரணம் இருந்தது. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938) இதே மாடர்ன் தியேட்டர்ஸின் தயாரிப்பு. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருசேர உறவுள்ள நிறுவனத்தின் படம் என்பது எல்லைப்புறத்துத் தமிழ் மாணவிக்குப் பொருத்தமாகப் பட்டது.

அவள் ஓர் அட்டவணை போட்டாள். காட்சி எண், பிழை, பிழைக்கான காரணம் என்று மூன்று பத்திகள். பனிப்பிரதேசத்து விலங்கு வெப்பநாட்டுக் காட்டில் சடைமுடியோடு உலவுவது ஒரு பிழை. நடிகர் ஒரு சட்டகத்தில், விலங்கு வேறொரு சட்டகத்தில். இரண்டும் ஓரிடத்தில் நிகழ்வதாகப் பார்வையாளர் நம்பிக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீண்டது.

இத்தகைய பட்டியல்களுக்கு உலகெங்கும் வாசகர் உண்டு. பேருரு விலங்குப் படங்களில் பிழை தேடுவது அந்தப் படங்களின் வயதே ஆன பழக்கம். 1933இல் வந்த 'கிங் காங்'கில் வில்லிஸ் ஓ'பிரையன் சிறிய பொம்மைகளைச் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் படமெடுத்தார். பொம்மையின் மேல் ஒட்டியிருந்தது முயல் ரோமம். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் கலைஞரின் விரல் பட்டு ரோமம் கலையும். அதனால் திரையில் காங்கின் உடல் காற்றே இல்லாத இடத்திலும் சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது. அது கோபத்தில் மயிர் சிலிர்ப்பதாக எண்ணிப் பாராட்டியவர்களும் இருந்தார்கள். காங்கின் உயரமும் நிலைத்ததில்லை. தீவில் 18 அடி, நியூயார்க்கில் 24 அடி, விளம்பரத்திலோ 50 அடி. வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே 18 அடி சிறுத்துத் தோன்றும் என்று தெரிந்தே அளவை மாற்றினார்கள்.

ஆக, பிழைகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. கவனம் தப்பியதால் வருபவை சில. கதைக்காக அறிந்தே விடப்படுபவை சில. காங்கின் ரோமத்தில் தெரியும் விரல் தடத்தைப் போல, செய்தவரின் உழைப்பு வெளியே கசிந்து தெரிபவை சில. மாணவியின் அட்டவணையில் இந்த மூன்றுக்கும் இடமிருந்தது. நான்காவதாக ஒன்று உண்டு என்பது விடுமுறைக்கு ஊருக்குப் போனபிறகே அவளுக்குத் தெரிந்தது.

அவளுடைய ஊர் இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயம். சித்தூரிலிருந்து அங்கே போகும் வழியே ஒரு பாடம். கோபாலபுரத்தில் கேரளம் முடிகிறது. பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டு வழியே போய்ச் சின்னாறு சோதனைச்சாவடியில் மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். பிறகு மறையூர், மூணாறு. ஒரே பகலில் இரண்டு முறை மாநிலம் மாறுகிறது. பலகைகளில் எழுத்து மாறுகிறது. சாலையின் இருபுறத்துக் காடு மட்டும் மாறுவதில்லை. ஆனைமலைக்கும் சின்னாற்றுக்கும் நடுவே கோடு இருப்பதை அதற்குள் நடக்கும் யானைகளுக்கு யாரும் சொன்னதில்லை.

வீட்டில் தாத்தா இருந்தார். நாற்பது ஆண்டு தோட்ட வேலை. அதில் பல ஆண்டுகள் இரவுக் காவல். அவர் பேச்சில் யானை என்ற சொல் அரிதாகத்தான் வரும். பகலில் 'ஆனை', இருட்டிவிட்டால் 'பெரியவர்'. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் அவருடைய தம்பி கடையிலிருந்து திரும்பும்போது பனிமூட்டத்துக்குள் ஒரு யானையின்மேல் கிட்டத்தட்ட மோதிவிட்டார். மறுநாள் காலையில்தான் உடல் கிடைத்தது. அந்தக் கதையை அவர் சொல்வதில்லை. ஆனால் இருட்டியபின் யார் வெளியே கிளம்பினாலும் வாசல் வரை வந்து நின்று, டார்ச் வெளிச்சம் வளைவைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

பேத்தி தன் மடிக்கணினியில் படத்தை ஓடவிட்டு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். மாமூத்துகள் வந்ததும் அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது ஆனைதானே கண்ணு?"

"ஆனைதான் தாத்தா. முடி ஒட்டி மாமூத்துன்னு சொல்றாங்க. பழைய காலத்து ராட்சச ஆனை."

"எங்க எடுத்தது?"

"சேலத்துல இருந்த கம்பெனி."

அவர் சற்று நேரம் பேசவில்லை. "சேலத்து வெயில்ல இத்தனை முடியப் போத்திக்கிட்டா?" என்றார். பிறகு, "காலப் பாரு. பின்னங்கால் முன்னங்கால் வச்ச தடத்துலயே விழுது. பாதம் தரையில பட்டதும் விரியுது. மேல என்ன போத்தினாலும் நடை மட்டும் பொய் சொல்லாதும்மா" என்றார்.

அவளுடைய பட்டியலில் கால்கள் இல்லை. இரண்டு பக்கப் பட்டியலில் முடி இருந்தது, கதைக்களம் இருந்தது. முடிக்கு அடியில் இருந்த விலங்கு எங்குமே இல்லை. திரையில் எது பொய் என்று அவள் எழுதியிருந்தாள். எது மெய் என்று தாத்தா பார்த்தார்.

மெய் இன்னும் ஆழமாகவும் இருந்தது என்பதை அவள் பிறகு படித்துத் தெரிந்துகொண்டாள். மாமூத்துகளில் கடைசியாக எஞ்சியவை ஆர்க்டிக் கடலின் ராங்கல் தீவில் ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தன. சடைமுடி மாமூத்தின் ஆண் விலங்கு தோளளவில் சுமார் மூன்று மீட்டர். அதாவது ஏறக்குறைய நம் ஆண் யானையின் உயரம்தான்; ராட்சத அளவு என்பது கதை கட்டியது. மரபணு ஆய்வின்படி மாமூத்துக்கு மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்க யானை அல்ல, ஆசிய யானையே. 1952இல் அந்தப் படக்குழுவுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் உலகில் உயிரோடு இருக்கும் விலங்குகளில் அந்த வேடத்துக்கு ஆகப் பொருத்தமான ஒன்றுக்கே வேடம் போட்டிருந்தார்கள்.

வேடம் பொருந்தாத இடம் காது. குளிர்நாட்டு விலங்கான மாமூத்துக்கு உடல்வெப்பம் வெளியேறிவிடாதபடி காதுகள் மிகச் சிறியவை. ஆசிய யானை காதை விசிறித்தான் தன் குருதியைக் குளிர்விக்கிறது. நெம்மாறை வல்லங்கி வேலைக்கு மீன மாத வெயிலில் நெற்றிப்பட்டம் கட்டி நிற்கும் யானைகளைப் பார்த்தவர்கள் அந்த விசிறலை அறிவார்கள். பட்டத்தின் பொன்னொளியைப் பார்க்கும் கண்ணும், அதன் இருபக்கமும் ஓயாமல் அசையும் காதைப் பார்க்கும் கண்ணும் வேறு வேறு. இரண்டாவது கண் இருப்பவருக்கே வேடத்துக்குள் வியர்க்காத ஓர் உடல் வெந்துகொண்டிருப்பது தெரியும்.

சின்னக்கானல் மக்களுக்கு இந்தக் கண் இருப்பதற்குக் காரணம் அன்பு மட்டும் அல்ல. அது பிழைத்திருப்பதற்கான வழி. அங்கே யானைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றதால் அரிக்கொம்பன். பலாப்பழம் தேடி வருவதால் சக்கைக்கொம்பன். வால் அறுந்தது முறிவாலன் கொம்பன். 2024 செப்டம்பரில் சக்கைக்கொம்பனோடு மோதிய காயத்தால் அது இறந்தது. மூணாற்றுச் சாலைகளில் உலவும் இன்னொன்றுக்கு 1999இல் வந்த ரஜினிகாந்த் படத்தின் பெயர், படையப்பா.

மொழியியல் நோக்கில் இந்தப் பெயர்கள் கவனத்துக்குரியவை. கொம்பன் என்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். அதற்கு முன்னால் வரும் அடை, மற்ற யானைகளிலிருந்து அந்த ஒன்றைப் பிரித்துக் காட்டும் அடையாளம். எது தின்னும், எது உடைக்கும், வால் எப்படி, கொம்பு எப்படி என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். மிருகம், அரக்கன், பூதம் போன்ற சொற்கள் எல்லா யானைகளையும் ஒன்றாக்கிவிடுகின்றன. 'அரிக்கொம்பன் மேல் வளைவில் நிற்கிறது' என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும். 'ராட்சத யானை வந்துவிட்டது' என்றால் ஓடுவதற்கு மட்டுமே தெரியும். எந்தப் பக்கம் என்று தெரியாது.

2023 ஏப்ரல் 29 அன்று அரிக்கொம்பனை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள், மே 27 அன்று, அது மலையிறங்கித் தமிழ்நாட்டுக் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூன் 5இல் மீண்டும் பிடிபட்டு, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டது. எல்லையைத் தாண்டியதும் தமிழ்ச் செய்திகளில் அதற்கு 'அரிசிக்கொம்பன்' என்ற பெயரும் வந்து சேர்ந்தது. மலையாளத்து அரி தமிழில் அரிசி ஆனது. யானை அதே யானை. ஆனால் கம்பம் தெருவில் அதைப் பார்த்தவர்களுக்கு அதன் பழக்கம் தெரியாது, பாதை தெரியாது, பின்கதை தெரியாது. சின்னக்கானலில் பல ஆண்டுகளாக எழுதப்பட்ட ஒரு நீண்ட கதையின் நடுக்காட்சி மட்டும் வெட்டப்பட்டு வேறோர் ஊரில் ஒட்டப்பட்டது போல இருந்தது. அங்கே அது வெறும் பேருரு விலங்காகத்தான் தெரிந்திருக்கும். அந்த ஓட்டத்தில் காயம்பட்ட ஒருவர் இறந்தும் போனார். அந்தக் குடும்பத்தின் துயரத்தை எந்தக் கோட்பாடும் குறைத்துவிடாது.

அதே ஆண்டு ஜனவரி 22இல் பாலக்காடு தோணிப் பகுதியில் பிடிபட்ட யானைக்குக் கோப்பில் பி.டி.7 என்று பெயர்; பாலக்காட்டின் ஏழாவது கொம்பன் என்று பொருள். பிடித்துக் கூண்டிலேற்றியபின் அதற்குத் தோணி என்றே ஊர்ப்பெயர் இட்டார்கள். பிறகு பரிசோதித்தபோது அதன் உடலில் நாட்டுத் துப்பாக்கியின் சிறு ஈயக்குண்டுகள் இருந்தன. ஊரார் பார்த்தது வீட்டு முற்றத்துக்குள் நுழையும் ஒரு பயங்கரத்தை. அந்தப் பயங்கரத்தின் தோலுக்கடியில் மனிதர் போட்ட ஈயம் இருந்தது.

விடுமுறையின் மூன்றாவது மாலை தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. இருட்டில், மூங்கில்களுக்கு நடுவே, மிகப் பெரிய கொம்பன் ஒன்று ஜீப்பைத் தூக்கிப் புரட்டுகிறது. 'நம்ம மேல்ரோடு, இப்ப நடந்தது' என்று கீழே எழுதியிருந்தது. சில நிமிடங்களில் லயம் முழுக்கப் பரவிவிட்டது. தொழிற்சாலையில் மாலை வேலை முடிந்து திரும்ப வேண்டிய பெண்கள் பன்னிரண்டு பேர். மேல்ரோடு வேண்டாம், ஓடைப் பாதையில் இறங்கி வந்துவிடுங்கள் என்று யாரோ குரல் செய்தி அனுப்பினார்கள்.

தாத்தா பேத்தியின் கைப்பேசியை வாங்கி இரண்டு முறை பார்த்தார். மூன்றாம் முறை நடுவில் நிறுத்தச் சொன்னார்.

"மூங்கிலுக்கு அந்தப் பக்கம் போறப்ப கொம்பு முட்டி வரைக்கும். இந்தப் பக்கம் வர்றப்ப தரையத் தொடுது. எப்படி?"

அவள் பின்னால் நகர்த்திப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. அவளுடைய அட்டவணையின் பாணியில் எழுதினால் அது சுத்தமான தொடர்ச்சிப் பிழை.

"பாதமும் விரியல. இது ஆனையே இல்லம்மா. யாரோ செஞ்சது. புள்ளைங்கள ஓடைப் பாதைல வர வேண்டான்னு சொல்லு. இந்த மாசம் பெரியவர் எறங்குறது அந்தப் பக்கந்தான்."

அவள் குழுவில் எழுதினாள். முதலில் யாரும் நம்பவில்லை. இரண்டு நிறுத்தற்படங்களை எடுத்து, கொம்பின் நீளத்தைச் சிவப்புக் கோட்டால் குறித்து அனுப்பினாள். கருத்தரங்குக்காகப் பழகியிருந்த வேலை அது. பிறகே பேச்சு மாறியது. பெண்கள் தொழிற்சாலையிலேயே காத்திருந்து, எட்டரை மணிக்கு ஒரு ஜீப்பில் மேல்ரோடு வழியாக வந்து சேர்ந்தார்கள். மேல்ரோட்டில் புரண்ட வண்டியும் இல்லை, யானையும் இல்லை. மறுநாள் விடியற்காலையில் ஓடைப் பாதையில் ஆவி பறக்கும் இலத்தி கிடந்தது. பக்கத்து ஈர மண்ணில் முன்னங்கால் தடத்தின்மேலேயே பின்னங்கால் பதிந்த சுவடுகள்.

இரவில் யானை அந்தப் பாதையில் எந்நேரம் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பெண்கள் அவ்வழியே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொல்ல முடியாது. தாத்தா அதைப் பற்றிப் பேசவில்லை. சுவடுகளைப் பார்க்கப் போனவர் வெகுநேரம் கழித்தே திரும்பினார்.

1952இன் படக்குழுவுக்கும் இன்றைய காணொளியைச் செய்த பெயரற்றவருக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. முன்னவர்கள் ஓர் உண்மையான விலங்கின்மேல் பொய்யைப் போர்த்தினார்கள். போர்வையின் ஓரத்தில் உண்மை தெரிந்துகொண்டே இருந்தது. பார்வையாளர் கட்டணம் கொடுத்து, பொய் என்று அறிந்து, அந்தப் பொய்க்குள் நுழைந்தார்கள். பின்னவரின் படத்தில் போர்வைக்குள் எதுவும் இல்லை, முழுவதும் போர்வை. அதிலும் பிழை இருக்கிறது, ஆனால் அந்தப் பிழையின் வழியே எட்டிப் பார்க்க ஒரு யானை இல்லை. தொழில்நுட்பம் தேறத் தேற இத்தகைய பிழைகளும் குறையும். கொம்பின் நீளம் மாறாத காணொளி வரும் நாளில், பாதையை அறிந்தவர் சொல்லும் 'இந்த மாதம் அந்தப் பக்கம்' என்ற அறிவு மட்டுமே எஞ்சும். அந்த அறிவு எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. இரவுக் காவல் இருந்தவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களோடு போய்க்கொண்டும் இருக்கிறது.

சித்தூருக்குத் திரும்பியபின் மாணவி தன் அட்டவணையில் நான்காவது பத்தியைச் சேர்த்தாள். 'யாருக்குத் தெரிகிறது' என்பது அதன் தலைப்பு. முடி அசைவது எல்லாருக்கும் தெரிகிறது. காதின் அளவு விலங்கியல் படித்தவருக்குத் தெரிகிறது. பாதம் விரிவது யானையோடு ஒரே மலையில் வாழ்ந்தவருக்குத் தெரிகிறது. கருத்தரங்கில் ஒரு பேராசிரியர், "அப்படியானால் இதைப் பிழை என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். "முடியைப் பார்த்தால் பிழை ஐயா, காலைப் பார்த்தால் ஆவணம்" என்றாள். அரங்கில் இலேசான சிரிப்பு எழுந்தது. அவர் தம் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

கட்டுரையின் முதல் பக்கத்தில் வழக்கம்போல் படத்தின் விவரங்கள் உள்ளன. இயக்கம், தயாரிப்பு, நடிகர்கள். அதற்குக் கீழே வழக்கமில்லாத ஒரு வரியும் இருக்கிறது. அது தாத்தா கேட்ட கேள்வியால் வந்தது. படம் முடிந்து மடிக்கணினியை மூடும்போது அவர் கேட்டார்: "அந்த ஆனைங்க பேரு எங்கயாவது போட்டிருக்காங்களா கண்ணு?"

அவள் தேடிய இடங்களில் எல்லாம் மனிதர்களின் பெயர்களே இருந்தன. ஆகவே இப்படி எழுதினாள்:

யானைகள்: பெயர் கிடைக்கவில்லை.